சிக்னல் போய்ப் போய் வந்த மூன்று வாரம்

இந்த முறை ஊருக்குப் போயிருந்த மூன்று வாரமும் நான் அதிகம் கவனித்தது போன் சேவையைத்தான். வேகத்தைச் சொல்லவில்லை, சிக்னல் இருக்கும் இடத்தில் வேகத்துக்குக் குறையே இல்லை. சிக்னல் போய்ப் போய் வரும் ரயிலில் எந்த ஆப் கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதுதான் விஷயம்.

டிக்கெட் எடுத்திருந்த ஆப்பைத் திறந்தால் வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம். பக்கத்தில் பரிசோதகர் நிற்கிறார். முந்தைய இரவு அதே டிக்கெட்டை அதே போனில்தான் பார்த்தேன். நாலு வரி எழுத்து, ஒரு கியூஆர் படம், அவ்வளவுதான். அதை போனிலேயே சேமித்து வைத்திருந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் எங்கோ இருக்கும் சர்வர் கணினியைக் கேட்டுத்தான் காட்டும் என்றால், பயணத்தில் இருப்பவருக்கு அது எப்படி உதவும்? அடுத்த ஸ்டேஷனில் சிக்னல் வரும்வரை பாவம், பரிசோதகர் காத்திருந்தார்.

மேப் மட்டும் தடங்கலே இல்லாமல் ஓடியது. அந்தப் பகுதியை முன்பே வைஃபையில் இறக்கியிருந்தேன். இருக்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ், செயற்கைக்கோளிலிருந்து நேராக வருவது. அதற்கு டேட்டா வேண்டாம்.

இப்படி முன்கூட்டியே சேமித்து வைப்பது புது யோசனையும் இல்லை. சென்னை ஐஐடியில் படித்த மகாதேவ் சத்யநாராயணன், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு கோடா என்ற கோப்பு முறையை, அதாவது கோப்புகளைச் சேமித்துக் கையாளும் மென்பொருளை, உருவாக்கினார். அதன் வழி இதுதான். தேவைப்படும் கோப்புகளை இணைப்பு இருக்கும்போதே சேர்த்து வை. இணைப்பு அறுந்தால் கையில் இருக்கும் பிரதியில் வேலையைத் தொடர். இணைப்பு திரும்பியதும் மாற்றங்களை சர்வரில் சேர். 1991-லேயே இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

கடைசிப் படிதான் கஷ்டம். நானும் அக்காவும் ஒரு ஆப்பில் இருந்த ஒரே குறிப்பை வேறு வேறு இடத்தில், சிக்னல் இல்லாத நேரத்தில் திருத்தினோம். கடைசியாகப் போய்ச் சேர்ந்தது அக்காவுடையது. நான் எழுதிய பதினோரு வரியும் சொல்லாமல் கொள்ளாமல் போயே போய்விட்டது. அப்புறம் வேறொரு ஆப்புக்கு மாறினோம். அது இரண்டு பிரதியையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று கேட்கிறது. எழுதியவருக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை அது.

பேட்டரியும் மத்தியானத்துக்குள் தீர்ந்துகொண்டிருந்தது. துளி டேட்டா அனுப்பினாலும், டவரோடு பேசும் போனின் ரேடியோ உடனே அடங்காது. சில விநாடி முழித்தபடியே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஆப் சர்வரைத் தட்டினால் அதற்கு ஓய்வே இல்லை. சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பினால் மிச்சம். நாலைந்து ஆப்புக்குப் பின்னணி டேட்டாவை நிறுத்தினேன். ராத்திரி வரை தாங்கியது.

திரும்பும் நாளில் டிக்கெட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். பரிசோதகர் வந்தபோது சிக்னல் இல்லை. படத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.