கருஞ்சீரகம்: பொடியா, எண்ணெயா, பிஸ்கட்டா?

கருஞ்சீரக எண்ணெய் சேர்த்த பிஸ்கட், தேன், தயிர், ரொட்டி எல்லாம் இப்போது 'ஃபங்ஷனல் ஃபுட்' (உடலுக்குக் கூடுதல் நன்மை தரும் உணவு) என்ற பெயரில் விற்கின்றன. எதை வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது அளவைத்தான்.

விதையில் 30 முதல் 40 சதவீதம் எண்ணெய். அதில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அது சூரியகாந்தி எண்ணெயிலும் தாராளமாகக் கிடைக்கும். கருஞ்சீரகத்துக்கென்று தனி மதிப்பு தருவது கூடவே இருக்கும் ஆவியாகும் எண்ணெயும், அதிலுள்ள தைமோகுவினோன் என்ற வேதிப்பொருளும்தான். சூடு, வெளிச்சம் இரண்டும் அதற்கு ஆகாது.

பொடிக்கு ஓரளவு சான்று இருக்கிறது. சவூதியில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் வழக்கமான மாத்திரையோடு 12 வாரம் விதைப்பொடி எடுத்தார்கள். தினம் 2 கிராம் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும், சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் குறைந்தன. 1 கிராமில் உறுதியான மாற்றமில்லை, 3 கிராமில் கூடுதல் பலனில்லை. எண்ணெய்க்கு 2013-ல் வந்த ஈரான் ஆய்வு: ஆரோக்கியமானவர்கள் 2.5 மி.லி. வீதம் தினம் இரண்டு வேளை, 8 வாரம் குடித்ததில் ரத்த அழுத்தம் குறைந்தது. இரண்டும் சிறிய ஆய்வுகள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அளவுக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

நம் வீடுகளில் ஓடும் கலவையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வெந்தயம் 250 கிராம், ஓமம் 100, கருஞ்சீரகம் 50. வறுத்துப் பொடித்து இரவில் ஒரு டீஸ்பூன். எட்டில் ஒரு பங்குதான் கருஞ்சீரகம். டீஸ்பூனுக்கு 3 கிராம் என்றால் உள்ளே போவது 0.4 கிராம்கூட இல்லை. பலன் தெரிந்தால் பெரும்பாலும் வெந்தயத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கருஞ்சீரகத்துக்காகவே எடுப்பவர்கள் அதைத் தனியாகப் பொடித்துக்கொள்வது மேல். புகை வர வறுக்காதீர்கள், வெறும் சட்டியில் லேசாகச் சூடேறினால் போதும். ஒரு வாரத்துக்கு மேல் பொடித்து வைக்கவும் வேண்டாம். விதையிலுள்ள லைப்பேஸ் நொதி, விதை உடைந்ததுமே எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடும். பழைய பொடி தொண்டையைக் கமறவைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய் அடர்த்தியானது. ஒரு கிலோ விதையை ஆட்டினால் 250 முதல் 300 கிராம் எண்ணெய் இறங்கும். அப்படியானால் ஆய்வில் குடித்த 5 மி.லி. என்பது 15 கிராமுக்கு மேற்பட்ட விதையின் சாறு. கசப்பும் எரிச்சலும் அதற்கேற்றபடிதான் இருக்கும். தாளிக்கவோ பொரிக்கவோ இது உதவாது. ஆறிய உணவில் கலக்க வேண்டிய சரக்கு.

தயிரில் சேர்ப்பதானால், உறை ஊற்றும்போது பாலில் விடாதீர்கள். இந்த எண்ணெய் கிருமிகளை அடக்கும். அளவு கூடினால் உறைமோரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அது விட்டுவைக்காது, பால் உறையத் தாமதமாகும். தயிர் தோய்ந்த பிறகு, அரை டீஸ்பூன் எண்ணெயை ஒரு டீஸ்பூன் தேனில் நன்றாக அடித்து, இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிரில் குழைத்து, பிறகு மீதியோடு சேருங்கள். நேராக ஊற்றினால் மேலே கண் கண்ணாக மிதக்கும், முதல் வாயிலேயே முகம் சுளிக்க வைக்கும்.

பிஸ்கட்டில் கணக்கு இன்னும் இடிக்கிறது. 100 கிராம் பிஸ்கட்டில் 1 சதவீதம் எண்ணெய் சேர்த்தால் 1 கிராம். அந்த எண்ணெயில் 1 சதவீதம் தைமோகுவினோன் இருந்தாலும் 10 மில்லிகிராம். 180 டிகிரி அடுப்பில் வெந்த பிறகு அதிலும் குறையும். அதே தர எண்ணெயில் 5 மி.லி. என்றால் சுமார் 46 மில்லிகிராம். ரொட்டியின் மேல் முழு விதை தூவும் துருக்கிப் பழக்கமும், நபுல்சி பாலாடைக்கட்டியில் விதை சேர்க்கும் பாலஸ்தீன வழக்கமும் வாசனைக்கு அருமை. மருந்தாக நினைக்க வேண்டாம். எண்ணெயை நுண்ணுறைக்குள் அடைத்துப் பொடியாக்கிச் சேர்க்கும் முறையில் கசப்பு மறையும், இழப்பும் குறையும். ஆனாலும் ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் இல்லாவிட்டால் அதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

கேப்ஸ்யூல், எண்ணெயின் கசப்பு நாக்குக்கு ஒத்துவராதவர்களுக்கு மட்டும். பெரும்பாலானவற்றில் 500 மி.கி. எண்ணெய்தான், 5 மி.லி.க்கு ஈடாக ஒன்பது விழுங்க வேண்டும்.

எண்ணெய் வாங்கும்போது பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலா என்று பாருங்கள். காரமும் மூலிகை நெடியும் இல்லாத 'மணமற்ற' எண்ணெய் என்றால் நீராவியில் சுத்திகரித்திருப்பார்கள். தைமோகுவினோனும் அதோடு போயிருக்கும். சூரியகாந்தி எண்ணெய் கலந்திருந்தால் லினோலெயிக் அமில அளவை மட்டும் வைத்துக் கண்டுபிடிப்பது கடினம், இரண்டிலும் அதுவே தூக்கல். தைமோகுவினோன் அளவுக்கான ஆய்வக அறிக்கை கேளுங்கள். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கட்டும், பெயின்ட் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

கர்ப்பிணிகள் சமையல் அளவைத் தாண்டக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எண்ணெயையோ கேப்ஸ்யூலையோ தொட வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். முதல் இரண்டு வாரம் குளுக்கோமீட்டரில் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.