இரண்டு லைனுக்கு ஒரு ரவுட்டர்: நான்கு விபிஎன் பெட்டிகள், நேருக்கு நேர்

சின்ன அலுவலகத்துக்கு இரண்டு இன்டர்நெட் லைன் எடுத்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க விபிஎன் ரவுட்டர் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்களைத்தான். எத்தனை போர்ட், எத்தனை விபிஎன் டனல் (இணையத்தின் வழியே இரண்டு இடங்களைப் பூட்டிய பாதையில் இணைப்பது விபிஎன், அந்தப் பாதை டனல்), என்ன வேகம். வருஷக்கணக்கில் அதை வைத்து வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் பேச்சு வேறு பக்கம் போகிறது. "லைன் போனதே ரவுட்டருக்குத் தெரியலை, இன்னொரு லைன் சும்மா கிடந்தது" என்பதுதான் அடிக்கடி காதில் விழும் குறை. அதனால் அந்த ஒரு கேள்வியை முன்னால் வைத்தே நான்கு ரவுட்டர்களைப் பார்க்கிறேன்: சிஸ்கோவின் பழைய ஆர்வி042, டிபி-லிங்க் இஆர்605, மைக்ரோடிக் ஹெக்ஸ், டிரேடெக் விகோர் 2927.

லைன் போனதைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம்? ரோட்டில் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுந்துவிடுகிறது. அலுவலகத்துக்குள் அந்த ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறது; அதிலிருந்து ரவுட்டருக்கு வரும் கேபிளில் பச்சை விளக்கும் எரிகிறது. ஓஎன்டியே ஐபி கொடுக்கும்படி வைத்திருந்தால், அது 192.168.1.1 என்ற முகவரியில் பிங்குக்கு, அதாவது இருக்கிறாயா என்று தட்டிக் கேட்பதற்கு, பதிலும் சொல்லும். ரவுட்டரைப் பொறுத்தவரை லைன் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஓஎன்டியைத் தாண்டி, வெளியே தூரத்தில் இருக்கும் ஒரு முகவரியை விடாமல் தட்டிப் பார்க்கிற ரவுட்டர்தான் உண்மையைத் தெரிந்துகொள்ளும்.

ஆர்வி042-இலிருந்து தொடங்கலாம். லிங்சிஸ் பெயரில் வந்து பிறகு சிஸ்கோ பெயரில் விற்ற பெட்டி இது. ஐபிசெக் என்ற விபிஎன் வகையில் டனல் 50 வரை தாங்கும். அந்தக் காலத்திலேயே இதில் லைனைச் சோதிக்கும் வசதி இருந்தது: கேட்வே (லைனில் ரவுட்டருக்கு அடுத்த பெட்டி), வெளியில் ஒரு முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) என்று எதைச் சோதிக்க வேண்டும் என்பதை நாமே சொல்லலாம். லைன் போனால் லாக்கில் எழுதினால் போதுமா, லைனையே கழற்றிவிட வேண்டுமா என்றும் கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு நன்றாகவே உழைத்தது. பத்து வருஷம் ஓடியது என்று பாசத்தோடு பேசுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அந்தப் பாசம் நியாயமானது.

ஆனாலும் இதை இன்று வாங்கக் கூடாது. போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், அதற்கு மேல் வேகமுள்ள ஃபைபர் எடுத்தால் காசு வீண். அதைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. பாஸ்வேர்ட் இல்லாமலே நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய வழிவிடும் ஓட்டை ஒன்று இந்த மாடலிலும் இதன் கூடப்பிறந்த மாடல்களிலும் இருப்பதாக 2023 ஜனவரியில் சிஸ்கோவே அறிவித்தது. ஆயுள் முடிந்த பொருள் என்பதால் திருத்தம் வராது என்றும் சொல்லிவிட்டது. வெளியிலிருந்து ரவுட்டரை அமைக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்டை அணைத்து, 443, 60443 ஆகிய இரண்டு போர்ட்டையும் (இவை கேபிள் செருகும் போர்ட் அல்ல, அமைப்பில் வரும் எண்ணிட்ட வாசல்கள்) அடைப்பது மட்டுமே அவர்கள் சொன்ன தற்காலிக வழி. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அலுவலகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு போர்ட்டையும் இன்றே அடைத்துவிட்டு, மாற்றும் தேதியையும் குறித்துவிடுங்கள்.

அதன் இடத்துக்கு இன்று பலரும் வாங்குவது இஆர்605. ஐந்து கிகாபிட் போர்ட்டுகள். ஒன்று இணையத்துக்கு, ஒன்று உள் நெட்வொர்க்குக்கு, நடுவில் இருக்கும் மூன்றை நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாம் வெர்ஷனில் யுஎஸ்பி போர்ட்டும் உண்டு. அதில் 4ஜி டாங்கிள் செருகினால் இன்னொரு மாற்று வழி. வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் வெர்ஷன் எண்ணைப் பாருங்கள், முதல் வெர்ஷனில் அந்த யுஎஸ்பி இல்லை. பக்கங்கள் தெளிவாக இருப்பதால், நெட்வொர்க் படிக்காத ஒருவரும் நிதானமாக உட்கார்ந்தால் அமைத்துவிடலாம்.

லைன் சோதனையில் இது அந்தந்த லைனின் டிஎன்எஸ் சர்வரைத்தான் ஆட்டோவில் கேட்டுப் பார்க்கிறது. நான் எப்போதும் மேனுவலுக்கு மாற்றி, பிங்குக்கு ஒரு வெளி முகவரியும் டிஎன்எஸ்ஸுக்கு இன்னொன்றும் கொடுத்துவிடுவேன். கூடவே இன்னொரு டிக்கையும் கவனிக்க வேண்டும். இரண்டு லைனையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வங்கித் தளத்தில் இருப்பவரின் ஒரு கோரிக்கை இந்த லைனிலும் அடுத்தது அந்த லைனிலும் போகலாம். வங்கிக்கு இரண்டு வெவ்வேறு ஐபி தெரிகிறது, சந்தேகப்பட்டு வெளியே தள்ளிவிடுகிறது. "ரவுட்டர் மாற்றினதிலிருந்து பேங்க் லாகின் நிற்க மாட்டேங்குது" என்று அக்கவுன்டன்ட் சொல்வதற்கு இதுதான் காரணம். இஆர்605-இல் அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங் என்ற டிக்கைப் போட்டால், ஒரு கம்ப்யூட்டர் ஒரு தளத்தோடு பேசுவதை ஒரே லைனில் வைத்துக்கொள்ளும். ஆர்வி042-இல் இதையே புரோட்டோகால் பைண்டிங் என்று கையால் எழுத வேண்டியிருந்தது.

இங்கே ஒரு பொதுவான ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். 100 எம்பிபிஎஸ் லைன் இரண்டு சேர்ந்தால் 200 ஆகாது. இந்த நான்கு ரவுட்டர்களும் இணைப்புகளைத்தான் பங்கிடுகின்றன, ஒரே இணைப்பை இரண்டாகப் பிரிப்பதில்லை. ஒருவர் இறக்கும் ஒரு பெரிய ஃபைல் ஒரு லைனில்தான் வரும். பத்துப் பேர் வேலை செய்யும்போதுதான் இரண்டாவது லைனின் அருமை தெரியும்.

மைக்ரோடிக் ஹெக்ஸ் வேறு ரகம். லாட்வியாவில் இருந்து வரும் சின்னப் பெட்டி, ஐந்து கிகாபிட் போர்ட், ஐபிசெக் கணக்குகளை சிப்பிலேயே செய்யும் வசதி, அதன் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-இல் வயர்கார்டு என்ற விபிஎன் வகையும் சேர்ந்துவிட்டது. கையில் பிடித்துப் பார்த்தால் இவ்வளவு வேலை செய்யுமா என்று தோன்றும். ஆனால் எதையும் அதுவாகச் செய்யாது. கேட்வேயை பிங் செய்யும் டிக் ஒன்று இருக்கிறது. நான் முன்னால் சொன்ன ஓஎன்டி தொல்லையில் அது உதவாது. ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனி வெளி முகவரி வைத்து, அது எட்டாவிட்டால் அந்த லைனை விட்டுவிடும்படி ரிகர்சிவ் ரவுட் எழுத வேண்டும். சுமையைப் பங்கிட, எந்த இணைப்பு எந்த லைனில் போக வேண்டும் என்று குறிக்கும் மேங்கிள் விதிகள் எழுதினால், ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழியை அணைக்க மறக்கக் கூடாது. அது அந்த விதிகளைத் தொடாமலே பாக்கெட்டை அனுப்பிவிடும், பாதி வேலை செய்வது போலவும் பாதி செய்யாதது போலவும் தெரியும். லைன் மாறிய பிறகு ஐபி ஃபோன் மட்டும் ஊமையாகக் கிடந்தால், ரவுட்டர் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியலில் பழைய இணைப்புகள் தங்கியிருக்கின்றன என்று அர்த்தம். அவற்றைத் துடைக்க ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும்.

இதையெல்லாம் ரசித்துச் செய்யும் ஆள் கூட இருந்தால் இந்த விலைக்கு ஹெக்ஸுக்கு நிகர் இல்லை. அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அடுத்தவர் புரிந்துகொள்ளும்படி எழுதி வைக்கச் சொல்லுங்கள். 2018-இல் வின்பாக்ஸ் என்ற நிர்வாகக் கருவியின் ஓட்டை வழியாக ஏராளமான மைக்ரோடிக்குகள் ஹேக்கர்கள் கையில் சிக்கின. ஏப்ரலிலேயே திருத்தம் வந்தும் போடாமல் விட்டவைதான் அவற்றில் பெரும்பாலானவை.

விகோர் 2927 நான்கில் விலை கூடியது. தைவான் நிறுவனம், 50 விபிஎன் டனல், 4ஜி டாங்கிளுக்கு யுஎஸ்பி. கூடுதல் காசு எங்கே போகிறது என்றால், விபிஎன் டிரங்க் என்ற வசதியில். கிளை அலுவலகத்துக்கு இரண்டு லைன் வழியாகவும் டனல் போட்டு, ஒன்று விழுந்தால் மற்றொன்று எடுத்துக்கொள்ளும்படி மெனுவிலேயே அமைக்கலாம். கிளையில் இருந்து தலைமை அலுவலகத்து டேலியில் பில் போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. இதிலும் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. 2024 அக்டோபரில் டிரேடெக் ரவுட்டர்களில் 14 ஓட்டைகள் வெளியாயின. ஆயுள் முடிந்த மாடல்களுக்கும் சேர்த்து நிறுவனம் திருத்தம் கொடுத்தது. ஆர்வி042-க்கு நடந்ததோடு இதை ஒப்பிடும்போது, எனக்கு இந்த ஒரு விஷயமே கூடுதல் விலையில் ஒரு பகுதியை நியாயப்படுத்துகிறது.

எதை வாங்கினாலும் அதற்கு முன் லைனின் ஐபியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை தொடங்கும் முகவரி என்றால் அது பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் ஐபிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து விபிஎன் உள்ளே வராது, எந்த ரவுட்டரும் இதை மாற்ற முடியாது. தலைமை அலுவலகத்தில் ஒரு லைனுக்காவது நிலையான பப்ளிக் ஐபி கேட்டு வாங்கிவிட்டால், கிளை எந்த லைனிலிருந்தும் உள்ளே வந்துவிடலாம்.

சரி, என் தேர்வு. தனியாக ஐடி ஆள் இல்லாத, ஒரே அலுவலகம் என்றால் இஆர்605. கிளைகள் விபிஎன்னை நம்பி நாள் முழுக்க ஓடுகின்றன என்றால் விகோர். நெட்வொர்க் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தால் ஹெக்ஸ். பொருத்திய அன்றே சோதித்துவிடுங்கள்; அதற்கு ரவுட்டர் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது போதாது, எந்த ரவுட்டரும் அதைக் கண்டுபிடித்துவிடும். ஓஎன்டியின் பின்னால் செருகியிருக்கும் மஞ்சள் ஃபைபரைக் கழற்றுங்கள். எத்தனை நொடியில் இரண்டாவது லைனுக்கு மாறுகிறது, விபிஎன் தானாக எழுந்திருக்கிறதா, ஃபைபரைத் திரும்பச் செருகியதும் முதல் லைனுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் டெக்னீஷியனை அனுப்புங்கள்.