செல்ஃப் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பார்ட்ஸ் மாற்றச் சம்மதிப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களும் வாங்கப் போகிறவர்களும் இதை முழுக்கப் படித்துவிடுங்கள். என் வண்டியில் நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு வேறு பேட்டரி விற்றார்கள். நன்றாக இருந்த ஃப்யூல் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். உண்மையில் கோளாறு ஒரு ரிலேயில், அதாவது கரண்டால் இயங்கும் ஒரு சின்ன ஸ்விட்சில் இருந்தது. அதுவும் கம்பெனி வைத்த ரிலே இல்லை. எனக்கு வண்டி விற்றவர்கள் தெரிந்தே டேஷ்போர்டுக்குள் விட்டுவைத்தது.

வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல். நான் ஈரோடு, வாங்கியது கோவையில் ஒரு கார் கன்சல்டிங்கில். ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்து சில மாதம் நன்றாகவே ஓடியது. மழைக்காலம் வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், என்ஜின் மட்டும் பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பாதி வழியில் ஒருமுறை நின்றும் போனது. குழந்தைகளோடு பெருந்துறை பைபாஸ் ஓரத்தில் நிற்கும்போது எவ்வளவு பயமாக இருக்கும் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் பெரிய ஷெட் ஒன்று இருக்கிறது. அங்கே விட்டேன். பேட்டரி வீக் என்று சொல்லி 5,200 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனது. சரி என்று எடுத்து வந்தேன். அடுத்த வாரமே பழைய கதை. பிளக் மாற்றினார்கள், மறுபடி ஸ்டார்ட் ஆனது, மறுபடி நின்றது. அப்புறம் ஃப்யூல் பம்ப் அசெம்பிளி, லேபரோடு 7,800. அதற்குப் பிறகும் நின்றபோது, ஷெட் ஓனர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எர்ரர் எதுவுமே காட்டல சார். அப்போ இசிஎம்தான் போயிருக்கு. புதுசு போட்டா அதிகமாகும். புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட் எடுத்துத் தரேன், 28,000-ல முடிச்சிடலாம்" என்றார்.

பேட்டரியிலிருந்து இசிஎம் வரை அவர்கள் சொன்ன காரணம் எல்லாமே தப்பு. ஏன் தப்பு என்று புரிந்துகொண்டால் அடுத்த முறை உங்களை யாரும் இப்படி ஏய்க்க முடியாது.

முதலில் பேட்டரி. 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தாலோ, செல்ஃப் இழுத்து இழுத்துச் சோம்பலாகச் சுற்றினாலோ, பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் இவற்றைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் வழக்கமான வேகத்தில் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை. பெட்ரோல் வரவில்லை, ஸ்பார்க் வரவில்லை, என்ஜின் சுற்றுவதை இசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் வேலை செய்யவில்லை, இல்லையென்றால் சாவியை வண்டி அடையாளம் காணவில்லை. என் வண்டி இரண்டாவது வகை. செல்ஃப் அவ்வளவு வேகமாகச் சுற்றும்போது பேட்டரி வீக் என்று சொன்னவருக்கு அது பொய் என்று தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் போதும். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காது. மீட்டரை வைக்காமல் பேட்டரியை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

விட்டு விட்டு வரும் கோளாறுதான் இப்படிப்பட்டவர்களுக்கு வரப்பிரசாதம். வண்டி அவர்கள் கைக்குப் போய்ச் சேருவதற்குள் கொஞ்சம் ஆறி, தானாகவே ஸ்டார்ட் ஆகும் நிலைக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எதை மாற்றினாலும் வண்டி ஓடும், கடைசியாக மாற்றிய சாமானுக்குத்தான் பெயர் கிடைக்கும். பேட்டரி போட்டதும் ஸ்டார்ட் ஆச்சே என்று நாமும் நம்பிவிடுவோம். கோளாறு இருக்கும் நேரத்தில் சோதித்துக் காட்டுவது மட்டுமே நிரூபணம். ஓடுகிற வண்டியில் ஒரு சாமானை மாற்றி, ஓடுகிறது பார் என்று காட்டுவது எதையும் நிரூபிக்காது.

அடுத்து ஸ்கேனர் பேச்சு. எர்ரர் இல்லை, அதனால் இசிஎம் போய்விட்டது என்பது தலைகீழான வாதம். ஸ்கேனர் இசிஎம்மோடு பேசுகிறது என்றாலே இசிஎம் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அதே ஸ்கேனரில் லைவ் டேட்டா திறந்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். பார்க்கச் சொல்லுங்கள். சுமார் 200 என்று ஏதாவது எண் வந்தால் கிராங்க் சென்சாரும் வேலை செய்கிறது. செல்ஃப் சுற்றிக்கொண்டே இருந்தும் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் ஒயரையும் பார்க்க வேண்டும். அந்தக் கோளாறுக்கு வழக்கமாகப் பி0335 என்று கோட் விழும். டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத திருட்டுத் தடுப்பு) பிரச்சினை, இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். இதே காரணத்தால்தான் வேறொரு வண்டியின் இசிஎம்மைக் கொண்டுவந்து அப்படியே மாட்டினால் இம்மொபிலைசர் உள்ள வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவியோடு அதைச் சேர்த்து புரோகிராம் செய்ய வேண்டும். அதைப்பற்றி அந்த ஓனர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 28,000 கொடுத்திருந்தால் அதற்கு மேல் புரோகிராமிங் என்று இன்னொரு தொகை கேட்டிருப்பார்.

இசிஎம்முக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை வெளியே எடுத்தேன். நண்பர் ஒருவர் சொல்லி, வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். சின்னக் கடை, தகரக் கூரை, சுவரில் சுருள் சுருளாக ஒயர்கள். வண்டி அவர் கண்ணெதிரே நிற்கும்வரை அவர் எதையுமே தொடவில்லை. "நிக்கட்டும் தம்பி. நிக்கறப்பதான் அது உண்மையைச் சொல்லும்" என்றார்.

நின்றதும் அவர் செய்ததை நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். முதலில் என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, சாவியை ஆன் மட்டும் செய்தார், செல்ஃப் அடிக்கவில்லை. பெட்ரோல் வண்டிகளில் அப்போது டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓரிரு நொடி 'உய்ங்' என்று ஓடி நிற்கும். சத்தமே வரவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம், வீட்டில் நீங்களே செய்யலாம். உங்கள் வண்டி நன்றாக இருக்கும் ஒரு நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃப்யூஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. பானெட்டுக்குள் கம்பெனி வைத்த பம்ப் ரிலே மேல் விரல் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார், உள்ளே 'டிக்' என்று அடித்தது. ரிலேயிலிருந்து வெளியே போகும் ஒயரில் டெஸ்ட் லேம்ப் எரிந்தது. பின்னால் பம்ப் கனெக்டரில் வைத்தால் எரியவில்லை. "இங்கே கரண்ட் கிளம்புது, அங்கே வந்து சேரல. நடுவுல எவனோ கை வெச்சிருக்கான்" என்றார். இசிஎம்மின் வேலை அந்த ரிலேயை இழுப்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்புறம் ஒயர் அறுந்தாலும் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஸ்கேனர் எதுவும் காட்டவில்லை.

டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு படுத்தார். கம்பெனி ஒயரிங்கின் டேப் ஓரிடத்தில் வேறு மாதிரி இருந்தது. அதைப் பிரித்ததும் உள்ளே ஐந்து பின் ரிலே ஒன்று, கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுற்றி, கட்டிவைக்கப்பட்டிருந்தது. பம்புக்குப் போகும் ஒயரை வெட்டி, அதன் இரண்டு முனையையும் ரிலேயின் 30, 87ஏ பின்களில் சேர்த்திருந்தார்கள். ரிலேயை இயக்காதபோது உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே இருக்கும் பின்கள் அவை. சால்டர் கிடையாது, வெறுமனே முறுக்கிவிட்ட ஜாயின்ட். செம்பில் பச்சை பூத்திருந்தது. ரிலேயை இயக்கும் 85, 86 பின்களிலிருந்து வந்த ஒயர்கள் எங்கேயும் போகாமல் அறுபட்டுத் தொங்கின. ரிலேயின் மூடியைத் திறந்து காட்டினார். 87ஏ பக்கத்துக் கான்டாக்ட் கரிபிடித்துக் குழிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் அதை லேசாகத் தட்டிவிட்டு, "இப்ப சாவியைப் போடுங்க தம்பி" என்றார். பின்சீட்டுப் பக்கம் 'உய்ங்'. வண்டி ஸ்டார்ட் ஆனது. ஓடும்போதே ரிலேயின் ஒயரைக் கையில் பிடித்து அசைத்தார், சத்தம் நின்றது. கோளாறைத் தன் விரலால் வரவழைத்தும் போக வைத்தும் காட்டினார். நோயைக் கண்டுபிடிப்பது என்றால் இதுதான்.

அந்த ரிலே ஜி.பி.எஸ். டிராக்கரோடு சேர்ந்து வருவது. தவணை கட்டவில்லை என்றால் தூரத்திலிருந்தே வண்டியை முடக்குவதற்காகச் சில ஃபைனான்ஸ்காரர்கள் வைப்பார்கள். வாடகைக்கு விடும் வண்டிகளிலும், திருட்டுக்குப் பயந்து சொந்த வண்டிகளிலும்கூட வைப்பது உண்டு. ஆர்.சி.யில் இருந்த பழைய ஓனரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. லோன் முடிந்த பிறகுதான் வண்டியை விற்றதாகவும், டிராக்கர் பெட்டி உள்ளே இருக்கிறது, கழற்றிவிடுங்கள் என்று கன்சல்டிங்கில் சொல்லியே கொடுத்ததாகவும் சொன்னார். அவர்கள் பெட்டியை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, வெட்டிய ஒயரையும் ரிலேயையும் அப்படியே டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டார்கள். கேட்டதற்கு, "டெலிவரி எடுத்த அன்னைக்கு நல்லாத்தானே சார் ஓடுச்சு" என்கிறார்கள். ஓடும் வண்டியில் பம்ப் கரண்ட் நின்றால் என்ஜின் ஆஃப் ஆகும், பவர் ஸ்டீயரிங் கெட்டியாகிவிடும், பிரேக் ஓரிரு மிதிக்கு மேல் இறுகிப்போகும். ஹைவேயில் லாரிக்கு முன்னால் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெரிந்தே இப்படி ஒரு வண்டியைக் குடும்பத்துக்கு விற்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எலக்ட்ரீஷியன் ரிலேயைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, ஒயரை நேராகச் சேர்த்து சால்டர் வைத்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். கூலி 900 ரூபாய். அதற்குப் பிறகு வண்டி நிற்கவில்லை. பம்ப் பிரஷர் சரியாக வருகிறதா என்றும் கேஜ் வைத்துப் பார்த்துக்கொண்டேன். இந்த மாதிரி பெட்ரோல் வண்டிகளில் சுமார் 3 பார் வர வேண்டும், வருகிறது. பழைய பம்பும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கும். ஆனால் பழைய பம்ப் எங்கே என்று கேட்டால், ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். ஒருமுறைகூட கேஜ் வைத்து எனக்குக் காட்டாமல் கழற்றிய பம்ப் அது. இப்போது வேறு யாருடைய வண்டியிலாவது புதுப் பம்ப் விலையில் ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எந்த ஷெட்டாக இருந்தாலும், சாமான் மாற்றுவதற்கு முன்பே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: கழற்றியது எனக்கு வேண்டும், புதுச் சாமானின் டப்பாவும் வேண்டும். நேர்மையானவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பலர் கேட்காமலே டிக்கியில் வைத்துவிடுவார்கள். பில் கண்டிப்பாக வாங்குங்கள். எனக்குக் கொடுத்தது வெள்ளைத் துண்டுச் சீட்டு. முறையான பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதே சட்டத்தில், பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போவது போலவே எலக்ட்ரீஷியனையும் கூட்டிப் போங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் கம்பெனி டேப் இல்லாத இடம், பேட்டரியிலிருந்து தனியாக ஓடும் மெல்லிய ஒயர், ஆணிக்கும் ஸ்க்ரூவுக்கும் அடியில் மாட்டிய எர்த், இவை எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். வண்டி எண்ணை அரசின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு ஃபைனான்ஸ் பதிவு இருந்ததா, நீங்கியதா என்று பாருங்கள். இருந்திருந்தால் டிராக்கர், கட்-ஆஃப் ஏதாவது வைத்தீர்களா என்று பழைய ஓனரிடமே நேராகக் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று மோட்டார் வாகன விதி வந்திருக்கிறது. அதற்கான சான்று படிவம் 29பி. அதைக் காட்டச் சொல்லுங்கள். எனக்கு விற்றவரிடம் அது இல்லை.

ஷெட்டுக்கும் கன்சல்டிங்குக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பேட்டரி, பம்ப் இரண்டின் பணமும் லேபரும் ஷெட்டிடம் கேட்டிருக்கிறேன். கரிந்த ரிலே, வெட்டிய ஒயர்த் துண்டு, எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த பில், அவர் ரிலேயைத் தட்டி ஸ்டார்ட் செய்தபோது எடுத்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. பதில் வராவிட்டால் இவற்றோடு ஈரோடு மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன்.