அம்மாயியின் பதினொரு கசட்டும் ஹட்டன் கடையும்

ஹட்டன் டவுனில் மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கொமினிகேஷன் கடை. பெயர் போடவில்லை, காரணம் போகப் போகத் தெரியும். போட்டோகொப்பி, ரீலோட், அப்புறம் பழைய கசட்டுகளைப் பென்டிரைவுக்கு மாற்றித் தருகிற வேலை. கசட் ஒன்றுக்கு 800 ரூபா. நான் கொண்டுபோனது பதினொன்று.

எல்லாம் எங்கள் அம்மாயி வைத்திருந்தவை. கொழும்பில் கடை வேலைக்குப் போன மாமா 1994 தீபாவளிக்கு வரும்போது ஒரு டேப் ரெக்கோர்டர் வாங்கி வந்தார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற பெண்கள் பாடுவதைப் பதிய வேண்டும் என்று அவருக்கு ஆசை. தாலாட்டு, கொழுந்து மலையில் பாடுவதெல்லாம் கேட்டவுடன் பாடிவிட்டார்கள். ஒப்பாரிக்கு மட்டும் அம்மாயி ஒத்துக்கொள்ளவில்லை. சாவு விழாத வீட்டில் சும்மா ஒப்பாரி வைத்தால் ஆகாது. அதனால் மாமா சாவு வீடுகளுக்கே ரெக்கோர்டரைத் தூக்கிப் போய், பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் வைத்துப் பதிந்திருக்கிறார். பதினொன்றில் எட்டு அப்படி வந்தவை.

வேலையைப் பொறுத்தவரை குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து மூடுபனிக்குத் தகரப் பெட்டியும் தப்பாது. டேப் முழுக்க வெள்ளையாய்ப் பூஞ்சணம். கடைக்கார அண்ணன் ஒவ்வொரு கசட்டையும் திருகாணி கழற்றி, டேப்பைத் துடைத்து, உடைந்த கூடுகளை மாற்றி, பொறுமையாகச் செய்தார். இரைச்சலை எடுக்கிறேன் என்று முதலில் தகரக் கூரையில் பெய்த மழையையும் சேர்த்து எடுத்துவிட்டார். மழையோடு வேண்டும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் இரண்டு விதமாகவும் பதிந்து தந்தார். தூரத்தில் தப்பு அடிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

இரண்டு வாரம் கழித்து வத்தளையிலிருந்து சித்தி மகள் போன் பண்ணினாள். "அக்கா, நம்ம அம்மாயி டிக்டொக்ல அழுறாங்க."

கடையின் டிக்டொக் பக்கத்தில் விளம்பரம். முன்பு இப்படி, இப்போது இப்படி என்று நாற்பது விநாடி. எட்டு கசட்டில் அந்த நாற்பது விநாடிதானா கடைக்கார அண்ணனுக்குக் கிடைக்க வேண்டும்? அம்மாயியோடு சேர்ந்து ஒரு தாய் அழுகிறாள். மகன் மலையில் விழுந்து கிடந்தபோது லொறி கொடுக்காத ஆளைப் பெயர் சொல்லித் திட்டி அழுகிறாள். அந்த ஆளின் பேரன் இன்றைக்கு எங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறான், அவன் பிள்ளை என் முன்பள்ளியில் படிக்கிறது. ஒப்பாரி என்றால் வெளியார் பாட்டு என்று நினைக்கிறார்கள். அதில் பெயர், கடன், யார் யாரைக் கைவிட்டார்கள் என்கிற கணக்கெல்லாம் இருக்கும். சாவு வீட்டில் சொல்லி அங்கேயே முடிகிற கணக்கு அது.

ஓடினேன். "டீச்சர், நல்லா வந்திருக்கேன்னுதானே போட்டேன். நீங்கதானே கையெழுத்து வச்சீங்க" என்றார். பில்லின் பின்பக்கம் சின்ன எழுத்தில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு வரி: மாதிரியாகப் பயன்படுத்தலாம். தமிழில் இல்லை. அப்போதே நீக்கிவிட்டார், கெட்ட மனிதர் இல்லை.

ஆனால் தமிழில் இருந்து, படித்திருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்கலாமா? அந்தக் கசட்டுகளில் குறைந்தது பதினான்கு பெண்களின் குரல் இருக்கிறது. பில்லில் பெயர் எழுத ஒரே கோடு. 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனி ஆளின் விவரத்தைப் பற்றித்தான் பேசுகிறது, ஒரு லயத்தின் குரலைப் பற்றி இல்லை. ஒருவர் கையெழுத்து எல்லாரையும் கட்டும் என்பது தொழிற்சங்கங்கள் நமக்காகத் தோட்டக் கம்பனிகளோடு போட்டுவந்த சம்பளக் கூட்டு ஒப்பந்தத்தில் பழக்கம்தான். அது எங்கே போய் நின்றது என்பதும் தெரியும்.

பேராதனையில் படிக்கிற அண்ணன் மகளிடம் புலம்பியபோது அவள் இரண்டு கதை சொன்னாள். அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடி மக்களிடம் 1990இலிருந்து நீரிழிவு ஆராய்ச்சி என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இரத்தம் எடுத்தார்கள். அதையே அவர்களைக் கேட்காமல் மனநோய் ஆராய்ச்சிக்கும், அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்கிற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வழக்குப் போட்டு, 2010இல் 7 லட்சம் டொலரும் மிச்ச இரத்தமும் திரும்பி வந்தன. இன்னொன்று நியூசிலாந்தில், கைத்தாயா ஊரில் டே ஹிக்கு என்கிற, அந்நாட்டுப் பழங்குடிகளான மாவோரி மக்களின் வானொலி. 2018இல் பத்தே நாளில் சொந்த மக்களிடமிருந்து 300 மணி நேரத்துக்கு மேல் பேச்சைச் சேர்த்தார்கள். அது யாருக்கும் சொத்து இல்லை, நாங்கள் காவல் மட்டும்தான் என்று உரிமத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மலையகத் தமிழரான நாம் அவர்களைப் போல ஆதிவாசிகள் இல்லை, அந்தப் பேச்சு இங்கே தம்பானையில் இருக்கிற வேடர்களுக்கு உரியது. ஆனாலும் வேலைநாள் பதிகிற செக்ரோல் தொடங்கி நம்மைப் பற்றிய கணக்கெல்லாம் தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஆபீசில்தான் கிடந்தது. 1911 குடிசன மதிப்பில் நம்மை இந்தியத் தமிழர் என்று தனியாக எழுதியபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். இரண்டாம் தடவையும் அங்கேதான் போனேன், காமன் எரிந்து ரதி புலம்புகிற கதையை ஆடுகிற காமன் கூத்தின் கசட் மூன்றை, கோயில் கமிட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டு. இந்த முறை கமிட்டியிலிருந்து மூன்று பேர் கூடவே உட்கார்ந்தோம். ரதி புலம்பல் மாசியில் கூத்து நடக்கிற காமன் பொட்டலில் தவிர வேறெங்கும் கேட்கக்கூடாது என்று கூத்து வாத்தியார் சொல்லிவிட்டார். அண்ணனும் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வேலை பார்த்தார். முடிந்ததும் எங்கள் கண் முன்னாலேயே கம்பியூட்டரிலிருந்து அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். பில்லில் தமிழில் இரண்டு வரி எழுதச் சொன்னோம், எழுதி மூன்று கையெழுத்து வாங்கினார். பென்டிரைவ் இப்போது கோயில் பெட்டியில், சாவி பூசாரியிடம்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பென்டிரைவை நீங்களே கொண்டு போங்கள், அங்கே விலை கூட. தோட்டச் சம்பளம் போடுகிற பத்தாம் திகதியை ஒட்டிப் போகாதீர்கள், ரீலோட்டுக்கு நிற்கிற வரிசை படிக்கட்டு வரை இருக்கும்.