செல்ஃப் டிரைவ் கார்: வாடகைக்கு முன்னால் பெட்ரோல் விதியைப் பாருங்கள்

செல்ஃப் டிரைவ் கார் எடுக்கும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது நாள் வாடகையைத்தான். ஒரு கடையில் 2,200 ரூபாய், இன்னொன்றில் 2,000 என்றால் இரண்டாவது கடைக்குத்தான் போவோம். அங்கே பெட்ரோல் விதி வேறு மாதிரி இருந்தால், மிச்சம் பிடித்த 200 போவதோடு அதற்கு மேலும் ஆயிரம் ரூபாய் போகலாம். வாடகை கண்ணுக்குத் தெரிகிற செலவு. பெட்ரோல் கணக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில்தான் தெரியவரும். அப்போது நமக்கு ரயிலுக்கு நேரமாகியிருக்கும், டெபாசிட்டும் அவர்கள் கையில் இருக்கும்.

ஒப்பிட வசதியாக ஒரே பயணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போய், அங்கே கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்பினால் மொத்தம் 350 கிலோமீட்டர். வண்டி மாருதி டிசையர், டேங்க் 37 லிட்டர். ஏசி போட்டு ஓட்டினால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று முழு எண்ணாகவே பிடிப்போம். செலவாகும் பெட்ரோல் சுமார் 22 லிட்டர், 2,200 ரூபாய். நியாயமாக நாம் தரவேண்டியது அவ்வளவுதான். எந்த விதி இதற்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பார்ப்போம்.

ஃபுல் டேங்க் எடுத்து ஃபுல் டேங்க் கொடுப்பது

என் ஓட்டு இதற்குத்தான். டேங்க் நிரம்பிய வண்டியை வாங்குகிறோம், திரும்பும்போது நிரப்பிக் கொடுக்கிறோம். இடையில் எரித்தது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காசு. கடைக்காரருக்கும் நமக்கும் வாக்குவாதம் வர இடம் குறைவு, ஏனென்றால் ‘ஃபுல்’ என்பதை பங்கில் இருக்கும் குழாயே சொல்லிவிடும். பெட்ரோல் குழாயின் முனையைத் தொட்டதும் அது தானாக நின்றுவிடும்.

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை உண்டு. டேங்கை நிரப்பிய பிறகு, வண்டிக்குள் பெட்ரோல் அளவைக் காட்டும் மீட்டரின் மேல் கட்டம் பல கார்களில் உடனே இறங்காது. ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகும் ‘ஃபுல்’ என்றே காட்டும். நமக்கு முன்னால் எடுத்தவர் தாம்பரத்தில் நிரப்பிவிட்டு ஊரெல்லாம் சுற்றி வந்து ஒப்படைத்திருந்தாலும் மீட்டர் நிரம்பியே இருக்கும். உள்ளே மூன்று நான்கு லிட்டர் குறைவாக இருக்கும். அதனால்தான் சில நிறுவனங்கள், ஒப்படைக்கும் இடத்துக்குப் பக்கத்து பங்கில் அன்றைக்கே போட்ட பில்லைக் கேட்கின்றன. அது நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் நம்மிடம் வண்டியைக் கொடுக்கும்போதும் அதே மாதிரி ஒரு பில்லைக் காட்டச் சொல்லி நாமும் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு என்பதால்தான் காட்டுவதில்லை.

சந்தேகமாக இருந்தால் கடையிலிருந்து நேராகப் பக்கத்து பங்குக்குப் போங்கள். பங்க் ஊழியர் “ஜீரோ பாத்துக்கங்க சார்” என்று சொல்லிவிட்டுக் குழாயைச் செருகுவார். ‘டக்’ என்று நின்றதும் எத்தனை லிட்டர் போயிருக்கிறது என்று பாருங்கள். அரை லிட்டர் என்றால் கொடுத்தவர் ஒழுங்கானவர். மூன்றரை லிட்டர் போனால், அந்த பில்லைப் படமெடுத்துக் கடையின் வாட்ஸ்அப்புக்கு அப்போதே அனுப்பிவிடுங்கள். சாயங்காலம் அனுப்பினால் அதற்கு மதிப்பில்லை.

அப்புறம், குழாய் நின்ற பிறகு “ரவுண்டா போட்டுடட்டுமா சார்?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். 2,163 ரூபாயை 2,200 ஆக்குவதற்காகக் குழாயை விட்டு விட்டு அழுத்துவதில், பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் பகுதிக்குள் பெட்ரோலே இறங்கிக் கெடுத்துவிடலாம். வாடகை வண்டியில் அந்தப் பழுது யார் தலையில் விழும் என்பது தனிச் சண்டை.

புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் மலிவு. திரும்பும் முன் அங்கே ஒருமுறை நிரப்பிவிட்டு, சென்னை வந்து மீதிப் பத்து லிட்டரைப் போடலாம். மிச்சம் ஐம்பது ரூபாய்க்குப் பக்கம்தான் வரும். வழியிலேயே பங்க் இருந்தால் செய்யலாம், இதற்காகச் சுற்றிக்கொண்டு போகத் தேவையில்லை.

எடுத்த அளவே திருப்பிக் கொடுப்பது

நம் ஊர்க் கடைகளிலும், தனியார் தங்கள் சொந்தக் காரை வாடகைக்கு விடும் ஆப்களிலும் அதிகம் புழங்குவது இதுதான். மூன்று கட்டத்தோடு எடுத்தால் மூன்று கட்டத்தோடு விட வேண்டும். காகிதத்தில் இது ஃபுல் டேங்க் விதி அளவுக்கு நியாயமாகவே தெரியும். நடைமுறையில் நான் கண்டவற்றில் அதிகச் சச்சரவு தருவது இதுதான், காரணம் அளவுகோலே சரியில்லை.

37 லிட்டர் டேங்க்கை எட்டுக் கட்டமாகக் காட்டும் மீட்டர் என்றால் ஒரு கட்டத்துக்கு நாலரை லிட்டருக்கு மேல். ‘மூன்று கட்டம்’ என்றால் உள்ளே ஒன்பதரை லிட்டரும் இருக்கலாம், பதினான்கு லிட்டருக்குக் கொஞ்சம் கீழேயும் இருக்கலாம். 450 ரூபாய் வித்தியாசத்தை மீட்டர் மறைத்துவிடும். மூன்றாவது கட்டம் அணையப்போகிற நேரத்தில் வண்டியை வாங்கி, அது உறுதியாக எரியும் அளவுக்குப் போட்டுத் திருப்பிக் கொடுத்தால், யாருக்கோ நாலு லிட்டர் தானம் செய்துவிட்டு வருகிறோம். குறைவாகப் போட்டால் அபராதம். பயந்துபோய் எல்லோரும் கூடுதலாகத்தான் போடுவார்கள். கூடுதலாகப் போட்டதற்குப் பணம் திரும்பி வருவது அபூர்வம்.

கோயம்புத்தூரில் ஒரு கடையில் எனக்கு நேர்ந்தது இது. ஊட்டியிலிருந்து இறங்கி வந்து, எடுத்தபோது இருந்த நாலு கட்டம் வரும்படி பார்த்துப் பெட்ரோல் போட்டு, கடைக்குள் நுழையும்போதும் நாலு கட்டம் இருந்தது. பையன் வண்டியை எடுத்துப் பின்பக்கச் சந்தில் சரிவாக நிறுத்திவிட்டு வந்து, “சார், நாலு குடுத்தோம், மூணுதான் காட்டுது” என்றான். “தம்பி, கேட்டுக்குள்ள வரும்போது நாலு இருந்துச்சுப்பா, சமமான இடத்துல நிறுத்திப் பாரு” என்றேன். நேரமில்லை என்று சொல்லி டெபாசிட்டில் 600 ரூபாயைக் கழித்துக்கொண்டார்கள். அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவைதான் அளவைச் சொல்கிறது. வண்டி சரிந்து நின்றால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவையும் ஏறும் இறங்கும். அவ்வளவு நம்பகமில்லாத ஒன்றை வைத்து மனிதர்களிடம் பணம் பிடிப்பதுதான் எனக்குக் கோபம்.

சிலர் கட்டத்துக்குப் பதிலாக, ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். அது இன்னும் மோசம். அந்த எண் கடைசியாக ஓட்டிய மைலேஜை வைத்துப் போடும் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது சரசரவென்று இறங்கும், அதே வழியில் இறங்கி வரும்போது பெட்ரோல் போடாமலே ஏறும்.

இந்த விதிதான் கிடைக்கிறது என்றால் வேறு வழியில்லை: வண்டியை எடுக்கும் இடத்தில், சமதரையில், இன்ஜினை ஓடவிட்டு மீட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். ஒப்படைக்கும்போதும் அதே போல் ஒரு படம், சாவியைக் கொடுக்கும் முன்பே. இன்னும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. கடைக்காரர் ஒத்துக்கொண்டால், எடுத்தவுடனே ஃபுல் போட்டு எத்தனை லிட்டர் பிடித்தது என்று பில்லை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அதே பங்கில் மறுபடி ஃபுல் போட்டால், முதலில் போட்ட லிட்டருக்கான காசை அவர் உங்களுக்குத் தர வேண்டும். கணக்கு லிட்டரில் வந்துவிடுகிறது, கட்டத்தில் அல்ல. ஒத்துக்கொள்ளும் கடைகள் குறைவு, ஆனால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

ரிசர்வில் கொடுப்பது

சிறிய கடைகளில் இது சகஜம். விளக்கு எரியும் நிலையில் வண்டி வரும், அதே நிலையில் விட்டால் போதும். அதிகாலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு, குழந்தைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, முதல் வேலையாக பங்க் தேட வேண்டும். நெடுஞ்சாலை ஓரம் என்றால் கவலையில்லை. சின்ன ஊர்களில் பல பங்க்குகள் இரவு பூட்டியிருக்கும். காசுக் கணக்கில் பார்த்தால், எவ்வளவு போட வேண்டும் என்பதைக் கச்சிதமாகக் கணிப்பவருக்குத்தான் இது லாபம். புதுச்சேரிப் பயணத்துக்கு 22 லிட்டர் போதும் என்றாலும், நடுவழியில் நிற்கப் பயந்து 26 லிட்டர் போடுவோம். மிஞ்சியதைக் கடைக்கே விட்டுவிட்டு வருவோம். ஆயிரம் கிலோமீட்டர் போகிற பயணத்தில் இந்த நாலு லிட்டர் பெரிதாகத் தெரியாது, ஒருநாள் பயணத்தில் உறுத்தும்.

ஒரு டேங்குக்கு முன்கூட்டியே காசு

இதை நம் ஊரில் அதிகம் பார்க்க முடியாது. வெளிநாட்டு விமான நிலையங்களில் கார் எடுப்பவர்கள் சந்திப்பது. முழு டேங்குக்கும் முதலிலேயே பணம் கட்டிவிட வேண்டும், காலியாகத் திருப்பிக் கொடுக்கலாம், மிஞ்சியதற்குப் பணம் கிடையாது. அமெரிக்காவில் பெட்ரோல் விலையைப் பக்கத்து பங்கைவிடக் குறைத்தே காட்டுவார்கள், அங்கேதான் ஆசை வரும். நம் கணக்கில் வைத்துப் பாருங்கள்: 37 லிட்டருக்கு 3,700 கட்டுகிறோம், எரிப்பது 22. பதினைந்து லிட்டர், 1,500 ரூபாய், வண்டியோடு போய்விடுகிறது. விலையில் ஐந்து சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும் அந்த ஓட்டை அடையாது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் டேங்க்கைக் கொண்டுவந்து ஒப்படைக்கும் துணிச்சல் விமானம் பிடிக்க ஓடுகிற யாருக்கும் வராது.

ஸ்பெயினின் சுற்றுலா விமான நிலையங்களில் இந்த முறைக்கு எதிராகப் புகார்கள் குவிந்தன. 2015 ஜூலையில் ஏவிஸ், என்டர்பிரைஸ், யூரோப்கார், ஹெர்ட்ஸ், சிக்ஸ்ட் ஆகிய ஐந்து நிறுவனங்கள், ஃபுல் வாங்கி ஃபுல் கொடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்கு எப்போதும் தருவதாக ஐரோப்பிய ஆணையத்திடம் ஒப்புக்கொண்டன. ஆகவே ஐரோப்பாவில் அந்த நிறுவனங்களின் கவுண்டரில் முன்பணத் திட்டத்தை நீட்டினால், ஃபுல் டேங்க் விதியைத் தயங்காமல் கேளுங்கள்.

அதிகாலை விமானம், பக்கத்தில் பங்க் இல்லை, டேங்க் அனேகமாகக் காலியாகிவிடும் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் இதைப் பரிசீலிக்கலாம். நிரப்பாமல் கொடுத்தால் பங்க் விலைக்கு மேல் லிட்டர் கணக்கும் சர்வீஸ் சார்ஜும் போடுவார்கள், அதைவிட இது தேவலை.

டிரைவரோடு எடுத்தால்

குடும்பமாகக் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வேன் பிடிக்கும்போதும் இதே பெட்ரோல் கேள்விதான் வேறு உருவத்தில் வரும். டிராவல்ஸில் இரண்டு வகை சொல்வார்கள். ஒன்று, நாள் வாடகை தனி, டீசல் நம் பொறுப்பு, டிரைவர் பேட்டா தனி. இன்னொன்று, கிலோமீட்டருக்கு இவ்வளவு, டீசல் அதிலேயே அடக்கம், நாளுக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர்.

ஒரே நாளில் நிறைய தூரம் ஓடினால் முதல் வகை லாபம். நாள் வாடகை மாறாது, ஓடுகிற டீசலுக்கு மட்டும்தான் செலவு. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போய்வரும் 340 கிலோமீட்டர் மாதிரியான பயணத்துக்கு இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. ஊருக்குள்ளேயே மண்டபத்துக்கும் வீட்டுக்கும் நாள் முழுக்க ஓடுவது என்றால் இரண்டாவது வகையில் ஓடாத 200 கிலோமீட்டருக்கும் காசு கட்டுவோம். மலைக்குப் போகும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கிலோமீட்டர் கணக்கில் ‘ஹில் சார்ஜ்’ தனியா? ஷெட்டிலிருந்து ஷெட்டுக்குக் கணக்கா, நம் வீட்டிலிருந்தா? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் தெரியாமல் விலையை ஒப்பிட முடியாது.

டீசல் நம் பொறுப்பு என்னும்போது “கிளம்பறப்ப மூவாயிரத்துக்குப் போட்டுக்கலாம் சார், மீதி அப்புறம் பாத்துக்கலாம்” என்று டிரைவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் மேல் சந்தேகத்தால் அல்ல. முடிவில் டேங்கில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்க அவருக்கும் வழியில்லை, நமக்கும் இல்லை. ஷெட்டுக்குப் பக்கத்து பங்கில் முதலாளி செலவில் ஃபுல் போட்டுக் கிளம்பச் சொல்லுங்கள், திரும்பியதும் அதே பங்கில் ஃபுல் போட்டு அந்த பில்லை மட்டும் நாம் கட்டினால் போதும். டிரைவருக்கும் நிம்மதி.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இந்த எல்லா விதிகளுக்கும் பொது: டீசல் வண்டியில் பெட்ரோல் போட்டுவிடுவது. பழக்கமில்லாத வண்டியில் நாமே மறந்துபோவோம். மூடியின் உட்புறத்தில் எந்த எரிபொருள் என்று ஒட்டியிருக்கும், அதைக் குழாய் செருகும் முன் ஊழியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூடி எந்தப் பக்கம் என்பதை மீட்டரில் பங்க் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறி காட்டும்.

வண்டி விடுகிற கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டக் கணக்கை விட்டுவிடுங்கள். ஒரே ஒருமுறை எல்லா வண்டிகளையும் பக்கத்து பங்கில் ஃபுல் போட்டு, அந்த பில்லை வண்டியின் டாஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். அடுத்து எடுப்பவர் அதே பங்கில் நிரப்பித் தன் பில்லை வைத்துவிட்டுப் போவார். உங்கள் பையனுக்கும் வண்டியைச் சந்தில் நிறுத்திக் கட்டம் எண்ணுகிற வேலை இருக்காது.