மெஷ் தட்டுப்பாட்டு நேரத்தில் "77 இருக்கு" என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள்

வழக்கமாக வாங்கும் இடத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் மெஷ் (இங்க் இறங்கும் சல்லடைத் துணி) இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள், புதிதாக ஒருவர் "ஸ்டாக் இருக்கு, நாளைக்கே அனுப்புறேன்" என்கிறார். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இந்தப் பதிவு. அப்படி வாங்கிய ஒரே ஆர்டரில் எங்கள் பட்டறைக்கு மூன்று வகைச் சரக்கு வந்தது, மூன்றிலும் கோளாறு. விற்றவர் பெயரைப் போடவில்லை. அவர் ஒருவர் மட்டும் செய்கிற வேலை அல்ல இது.

கேட்டவை: 77-48 (செ.மீ.க்கு 77 இழை, இழைத் தடிமன் 48 மைக்ரான்) மஞ்சள் மெஷ், ஒரே துண்டாக 30 மீட்டர். 43-80 வெள்ளை மெஷ், 20 மீட்டர். செ.மீ.க்கு 25 நியூட்டன் டென்ஷனில் மெஷ் இழுத்து ஒட்டிய அலுமினிய ஃபிரேம்கள் (ஸ்கிரீன்கள்), 24. எல்லாமே பாலியஸ்டர், மானோஃபிலமென்ட் (முறுக்காத ஒற்றை இழை), பிளெயின் வீவ் (சாதா நெசவு).

வந்தவை: 77 என்ற ரோலில் 18 மீட்டரும் 11.4 மீட்டருமாக இரண்டு துண்டுகள். இழை 48 மைக்ரான் அல்ல, 55. மஞ்சள் நிறம் மேலாகப் பூசிய சாயம். 43 என்று வந்தது நைலான். ஃபிரேம்களில் ஒன்றுகூட 17 நியூட்டனைத் தாண்டவில்லை.

இத்தனைக்கும் "77 கேட்டீங்க, 77 கொடுத்தோம்" என்றுதான் பதில். அது பொய்யும் இல்லை, எண்ணிப் பார்த்தால் செ.மீ.க்கு 77 இழைதான். ஏமாற்று வேலை எல்லாம் அந்த எண்ணுக்குப் பின்னால் நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் நடக்கிறது.

முதல் எண் ஒரு செ.மீ.க்கு எத்தனை இழை என்பது. இரண்டாவது எண் இழையின் தடிமன், மைக்ரானில். கண்ணின் (இழைகளுக்கு நடுவே உள்ள ஓட்டை) அகலம் வேண்டுமானால் 10,000-ஐ முதல் எண்ணால் வகுத்து, வந்த விடையிலிருந்து இழைத் தடிமனைக் கழிக்கவும். 77-48 என்றால் கண் சுமார் 82 மைக்ரான், திறந்த பரப்பு 40 சதவீதம். 77-55 என்றால் கண் 75, திறந்த பரப்பு 33 சதவீதம். நெசவிலும் இழுப்பிலும் இழை கொஞ்சம் தட்டையாவதால் நிஜ அளவு இதிலிருந்து சற்று மாறும், ஆனால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது. கெட்டியான வெள்ளை பிளாஸ்டிசால் இங்க்கை 48-இல் ஒரே இழுப்பில் இறக்கிய கை, 55-இல் ஸ்குவீஜியை (இங்க்கை இழுக்கும் ரப்பர் பட்டை) அழுத்து அழுத்தென்று அழுத்தும். அழுத்தம் கூடினால் ஓரம் கசியும், அச்சு விரியும். ஹாஃப்டோனில் (புள்ளிகளால் ஆன படம்) சின்னப் புள்ளிகள் இழைமேல் உட்கார்ந்து காணாமல் போகும். எமல்ஷன்மேலும் (மெஷ்ஷில் பூசும், ஒளியில் இறுகும் பூச்சு) இங்க்மேலும் பழி போட்டு இரண்டு நாள் வீணாகும். கடைசியில்தான் மெஷ் நினைவுக்கு வரும்.

இன்னொரு பழைய தந்திரமும் இருக்கிறது. சிலர் செ.மீ. கணக்கில் பேசுவார்கள், சிலர் அங்குலக் கணக்கில். 120 என்று மொட்டையாகக் கேட்டால், செ.மீ.க்கு 120 உள்ள நுண்ணிய மெஷ்ஷும் வரலாம், அங்குலத்துக்கு 120 உள்ள, அதாவது செ.மீ.க்கு வெறும் 47 உள்ள மெஷ்ஷும் வரலாம். இரண்டையும் "120" என்றே பில் போடலாம். செ.மீ. எண்ணை 2.54-ஆல் பெருக்கினால் அங்குல எண்: 43 என்பது 110, 77 என்பது 195, 120 என்பது 305. ஆர்டரில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள். 10எக்ஸ்எக்ஸ், 12எக்ஸ்எக்ஸ் என்று யாராவது விலைப்பட்டியல் அனுப்பினால் அது மாவு சலிக்கும் பட்டுத்துணிக் காலத்து எண் முறை. பெரும்பாலும் முறுக்கிய பல்லிழை நூலாக இருக்கும், நுண்ணிய வேலைக்கு உதவாது. (அச்சுத் துணியே மாவு மில்லிலிருந்து வந்ததுதான். அதனால் சல்லடைத் துணியைத் தூக்கி அச்சு மெஷ் என்று விற்பவர்களுக்கு ஒருவகையில் பரம்பரை உரிமை இருக்கிறது போல!)

55 மைக்ரானை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதுதான் இந்தப் பதிவில் அதிகம் பயன்படக்கூடியது. மைக்ராஸ்கோப் தேவையில்லை, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். பாலியஸ்டர் மெஷ்ஷின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு கிராமில், ஏறக்குறைய இப்படி வரும்: இழை எண்ணிக்கையை இழைத் தடிமனால் இரண்டு முறை பெருக்கி, 4,600-ஆல் வகுக்கவும். 77-48 என்றால் 38.5 கிராம். 77-55 என்றால் 50.5. ரோலின் ஓரத்திலிருந்து 20 செ.மீ.க்கு 20 செ.மீ. சதுரம், இழை போகும் போக்கிலேயே, சரியாக வெட்டி நிறுத்தால் முதலாவது 1.54 கிராமும் இரண்டாவது 2.02 கிராமும் காட்ட வேண்டும். எங்கள் துண்டு 2.05 காட்டியது. நெசவில் இழை மேலும் கீழும் வளைந்து போவதால் கணக்கைவிட ஒன்றிரண்டு சதவீதம் கூடுவது வழக்கம். முப்பது சதவீத வித்தியாசத்துக்கு அது காரணம் ஆகாது.

எடைபோடுவதற்கு முன் இழைகளை எண்ணிவிடுங்கள். 1 செ.மீ. சதுரம் காட்டும் நூல்கண்ணாடியை வைத்து, போனில் படம் எடுத்து, படத்தைப் பெரிதாக்கி எண்ணினால் கண் வலிக்காது. பாவுக்கும் ஊடைக்கும் தனித்தனியாக, மூன்று இடங்களில் எண்ணவும். ஃபிரேமில் இழுத்த மெஷ்ஷில் இரண்டு மூன்று இழை குறைவாகவே வரும். இழுத்தால் விரியும் அல்லவா, அதைக் குறை சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம்.

43-80 துண்டை நிறுத்தபோது கதை தலைகீழ். கணக்குப்படி 2.39 கிராம் வர வேண்டும், வந்ததோ 1.98. இழை எண்ணிக்கை சரி, கண்ணளவும் சரி, எடை மட்டும் குறைவு. அதாவது பொருளே வேறு. பாலியஸ்டரின் அடர்த்தி 1.38, நைலானின் அடர்த்தி 1.14. நைலானுக்கு அதே கணக்கைப் போட்டால் 1.97.

உறுதிப்படுத்த உப்புத்தண்ணீர் போதும். 100 மில்லி தண்ணீரில் 35 கிராமுக்குமேல் சாப்பாட்டு உப்பைப் போட்டு, கொஞ்சம் கரையாமல் அடியில் தங்கும்வரை கலக்கவும். அதன் அடர்த்தி சுமார் 1.2. மெஷ்ஷிலிருந்து பிரித்த இழைகளில் ஒரு துளி சோப்பு தடவி, காற்றுக்குமிழி ஒட்டாமல் உள்ளே அழுத்தி விடவும். பாலியஸ்டர் மூழ்கும், நைலான் மிதக்கும். குமிழி ஒட்டியிருந்தால் பாலியஸ்டரும் மிதந்து ஏமாற்றும், அதனால் சோப்பை மறக்க வேண்டாம். கொளுத்திப் பார்க்கும் சோதனையும் உண்டு: பாலியஸ்டர் கரும்புகை விட்டு எரியும், நைலானில் புகை குறைவு. ஆனால் சாயம் ஏற்றிய இழையில் அது தெளிவாகத் தெரியாது. ஃபார்மிக் அமிலத்தில் போட்டால் நைலான் கரையும் என்பதும் சரிதான். செறிவான அந்த அமிலம் தோலைப் புண்ணாக்கிவிடும், உப்புத்தண்ணீர் இருக்கும்போது அது எதற்கு?

நைலான் மட்டமான பொருள் இல்லை. வளைந்த பரப்பில் அச்சிடவும், தேய்மானம் அதிகமுள்ள செராமிக் இங்க்குக்கும் அதை விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பலவண்ண வேலைக்குத்தான் ஆகாது. அது ஈரம் குடிக்கும். வாஷ்-அவுட் (ஒளி காட்டிய எமல்ஷனைத் தண்ணீரில் கழுவுவது) முடிந்ததும் டென்ஷன் இறங்கும், காய்ந்தால் கொஞ்சம் ஏறும், காற்றில் ஈரம் கூடினால் மறுபடி இறங்கும். நான்கு ஸ்கிரீனும் நான்கு விதமாக நகர்ந்தால் ரெஜிஸ்ட்ரேஷன் (வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது) எங்கே நிற்கும்? ஃபிரேமில் ஒட்டி வந்த மெஷ்ஷானால் டென்ஷன் மீட்டரை வைத்து அளந்து, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். பாலியஸ்டர் அசையாது. நைலான் காட்டிக்கொடுத்துவிடும்.

மஞ்சள் விஷயத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து மெஷ்ஷை அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள். துணியில் மஞ்சள் நன்றாக ஏறினால் சாயம் மேலாகப் பூசியது. ஒழுங்கான மஞ்சள் மெஷ் எமல்ஷனை இறுக்கும் புற ஊதா ஒளி இழை வழியாகப் பரவாமல் தடுக்கும், அதனால்தான் வெள்ளையைவிட எக்ஸ்போஷர் (ஒளி காட்டும்) நேரம் ஒன்றரை மடங்கோ அதற்கு மேலோ பிடிக்கும். பூச்சுச் சாயம் ஒவ்வொரு கழுவலிலும் வெளுக்கும். நீங்கள் அதே நீண்ட நேரம் கொடுப்பீர்கள், ஒளி இழையோடு சிதறி மெல்லிய கோடுகள் அடைபடும்.

இப்போது ஃபிரேம்கள். விற்றவர் வீடியோ அனுப்பினார், மீட்டரில் 25 என்று பளிச்சென்று தெரிந்தது. அந்த வீடியோவை நன்றாகப் பார்த்தால் மெஷ் இன்னும் இழுப்பு மெஷினின் கிளாம்ப்பில்தான் இருக்கிறது, பசை போடவே இல்லை! கிளாம்ப்பில் இருக்கும் டென்ஷன் வேறு, வெட்டிய பின் ஃபிரேமில் நிற்கும் டென்ஷன் வேறு. வெட்டியதும் ஃபிரேம் கொஞ்சம் உள்வாங்கும், முதல் 24 மணி நேரத்தில் மெஷ்ஷும் தளரும். 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. ஒழுங்காகச் செய்பவர்கள் படிப்படியாக இழுத்து, நடுவே நிறுத்தி, இறங்கியதை மறுபடி ஏற்றி, அப்புறம்தான் ஒட்டுவார்கள். அவசரத்தில் ஒரே இழுப்பில் ஏற்றி உடனே ஒட்டினால் இறக்கம் இன்னும் கூடும். எங்களுக்கு வந்தவை 13 முதல் 17 வரை. அதிலும் பாவுப் பக்கம் 17, ஊடைப் பக்கம் 13. இரண்டு திசையிலும் வித்தியாசம் இருந்தால் படம் ஒரு பக்கமாக நீளும்.

டென்ஷன் குறைந்த ஸ்கிரீன் இங்க்கை விட்டு உடனே எழும்பாது. அதை எழுப்ப ஆஃப்-காண்டாக்டைக் (ஸ்கிரீனுக்கும் அச்சிடும் பரப்புக்கும் உள்ள இடைவெளி) கூட்ட வேண்டும். துணி வேலைக்கு 1.5 முதல் 3 மி.மீ. போதும் என்ற இடத்தில் 4, 5 என்று போனால் மெஷ் ஒவ்வொரு இழுப்பிலும் நீண்டு, படம் பெரிதாகி, ஸ்டென்சிலின் (எமல்ஷனில் உருவான படம்) ஓரமும் சீக்கிரம் பிய்யும்.

அளக்கும்போது மீட்டரை முதலில் கண்ணாடிமேல் வைத்துச் சரிபார்த்துவிட்டு, நடுவிலும் நான்கு மூலைகளுக்குச் சற்று உள்ளேயும், பாவிலும் ஊடையிலும், மொத்தம் பத்து அளவு எடுங்கள். மீட்டர் இல்லையா? உங்களிடம் அதே அளவில் நல்ல ஸ்கிரீன் ஒன்று இருந்தால், இரண்டின் நடுவிலும் ஒரே எடையை வைத்து, ஃபிரேம்மேல் நேர்ப்பட்டை போட்டு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று ஒப்பிடலாம். எண் கிடைக்காது, தளர்ச்சி தெரிந்துவிடும்.

பசையைப் பின்பக்கமாக வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாகப் பிடித்த இடம் ஒரே சீராகக் கருத்துத் தெரியும், வெளிறிய திட்டுகள் இருந்தால் அங்கே மெஷ் ஃபிரேமைத் தொடவே இல்லை. வந்ததில் ஏழு ஃபிரேம்களில் அடியில் பழைய பசை அப்படியே இருந்தது, அதன்மேலேயே புதிதாக ஒட்டியிருந்தார்கள். ஸ்கிரீன் கழுவும் சால்வென்ட்டை ஒரு மூலையில் பஞ்சால் இரண்டு நிமிடம் ஒற்றினால் அந்தப் பசை பிசுபிசுத்தது. ஃபிரேமைச் சமமான கண்ணாடியில் கவிழ்த்து நான்கு மூலைகளையும் அழுத்திப் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வேறெதையும் அளக்க வேண்டியதில்லை.

கழுவிய பழைய மெஷ்ஷைப் புதிதென்று விற்பதும் நடக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் முந்தைய படத்தின் நிழல், ஓரத்தில் எமல்ஷன் துணுக்கு, எடையில் குறைவு. காஸ்டிக் கலந்த ஹேஸ் ரிமூவரை (படத்தின் நிழற்கறையை நீக்குவது) அதிகநேரம் விட்டால் பாலியஸ்டர் இழை அரிக்கப்பட்டு மெலிந்துவிடும், தராசு அதையும் சொல்லிவிடும்.

ஆர்டரில் எழுத வேண்டியது இதுதான்: செ.மீ. எண், அங்குல எண், இழை மைக்ரான், பாலியஸ்டர் மானோஃபிலமென்ட், குறைந்த நீட்சி, பிளெயின் வீவ், நிறம், அகலம், ஒரே துண்டாக எத்தனை மீட்டர், கரை (துணியின் நெய்த ஓரம்) வெட்டாமல், லாட் எண்ணுடன். கரையில்தான் பெரும்பாலும் தயாரிப்பாளரின் அச்சு இருக்கும், அதை வெட்டி அனுப்பினால் சந்தேகப்படுங்கள். ஃபிரேமுக்கு, ஒட்டி 48 மணி நேரம் கழித்து எத்தனை நியூட்டன், எவ்வளவு கூடக்குறையலாம் என்றும். கடைசி வரி: எழுத்தில் சம்மதிக்காமல் மாற்றுச்சரக்கு அனுப்பக் கூடாது. 1 மீட்டர் மாதிரி வாங்கிச் சோதித்தாலும் ரோல் வந்ததும் மறுபடி சோதியுங்கள். மாதிரி அசலாகவும் ரோல் வேறாகவும் வரலாம்.

மாற்று எடுத்தே ஆக வேண்டுமென்றால் எண்ணைப் பார்க்காமல் கண்ணளவையும் திறந்த பரப்பையும் வைத்துத் தேடுங்கள். 77-48 கிடைக்காதபோது 71-48 அதற்கு நெருங்கி வரும், கண் கொஞ்சம் பெரிது, இங்க் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். 77-55 எண்ணால் மட்டுமே நெருக்கம். இருக்கும் ஸ்கிரீன்களையும் கொல்லாதீர்கள்: எமல்ஷன் ரிமூவரை மெஷ்ஷில் காயவிட்டால் மிச்சமுள்ள எமல்ஷன் இறுகிப்போய் அப்புறம் எதற்கும் வராது.

விற்றவர் ஃபிரேம்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நைலான் ரோலுக்கும் பாதிப் பணம் வந்தது. 77 ரோலில் நாங்கள் ஏற்கெனவே நான்கு ஸ்கிரீனுக்கு வெட்டியிருந்ததால் "வெட்டியதைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். ஆகவே சோதனைத் துண்டை ஓரத்தில் எடுத்து நிறுத்துப் பார்க்கும்வரை ரோலில் கத்திரி வைக்காதீர்கள். மீதி ரோலை ஒற்றை வண்ணத் தடித்த எழுத்து வேலைகளுக்கு மட்டும் ஓட்டுகிறோம், ஒவ்வொரு ஃபிரேம் ஓரத்திலும் மார்க்கரில் 77-55 என்று எழுதி.