ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங்: கச்சானுக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை

அலைச்சறுக்குப் பலகையோடு ராமேஸ்வரம் வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பாக் நீரிணை ஆழமில்லாத கடல். வங்கக் கடலின் பெரிய அலையை இலங்கையும் கோடியக்கரையும் மறித்துவிடும். அலை வேண்டுமென்றால் கோவளம், மாமல்லபுரம், மணப்பாடு.

இந்தத் தீவின் பலம் காற்றுதான். கைட் சர்ஃபிங் என்றால், பெரிய பட்டம் போன்ற கைட் காற்றில் இழுக்க, பலகையில் நின்று தண்ணீர் மேல் சறுக்குவது; அதற்கு அலை வேண்டாம், காற்று போதும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை. மார்ச், ஏப்ரல் நம்ப முடியாது. அக்டோபர், நவம்பர் மழை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கைட்டைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்.

கச்சான் அடிக்கும்போது தெற்குக் கரைதான் சரி. காற்று கடலிலிருந்து வரும். தவறி விழுந்தாலும் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். அதே நாளில் வடக்குக் கரையில் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும். பார்த்ததும் இறங்கத் தோன்றும். இறங்கினால், கைட் விழுந்த நிமிடத்திலிருந்து காற்று ஆளை பாக் நீரிணைக்குள் தள்ளிக்கொண்டே போகும். மீட்புப் படகு இல்லாமல் அங்கே போகக் கூடாது. வாடைக்கு இது அப்படியே தலைகீழ். வடக்குக் கரையில் கடற்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகளும் வலைகளும் உண்டு. எங்கே கிடக்கின்றன என்று மீனவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

தனுஷ்கோடியில் காற்றை மறிக்க உயரமான மரமோ கட்டடமோ அதிகம் கிடையாது. அதனால் விட்டுவிட்டு அடிக்காமல் சீராக வரும். மணல்திட்டுக்குப் பின்னால் தேங்கும் முழங்கால் ஆழத் தண்ணீர் கற்றுக்கொள்பவர்களுக்கு வரம். அரிச்சல்முனை நுனியில் நீரோட்டம் மோசம், அந்தப் பக்கமே வேண்டாம். பொழுது சாய்வதற்குள் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடும்.

70 கிலோ எடையுள்ளவருக்கு 15 முதல் 18 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்றில் 12 சதுர மீட்டர் கைட், 20 தாண்டினால் 9, 25க்கு மேல் 7. வாடகைக்கு எடுத்தால், ஆபத்தில் கைட்டைக் கழற்றிவிடும் பாதுகாப்புக் கொக்கியைக் கரையிலேயே இரண்டு முறை இழுத்து விடுவித்துப் பாருங்கள். உப்பும் மணலும் ஏறினால் கொக்கி இறுகிவிடும். அதைக் கடலுக்குள் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது. நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். கழுவ நல்ல தண்ணீர்கூட வைக்காத இடத்தில் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

தீவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: உடைமுள். கைட்டை வெறும் தரையில் விரித்தால், அதை விறைப்பாக வைக்கும் காற்றுக்குழாய் பஞ்சர்தான். தார்ப்பாய் கட்டாயம். கைட் மெல்லத் தளர்ந்தால் குழாயை உருவி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பிடித்து, துடைத்துக் காயவைத்து ஒட்டுப் போடலாம். அதற்கு முன் குழாய் இருந்த வெளியுறையின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முள் முனை பெரும்பாலும் துணியிலேயே ஒடிந்து நிற்கும். எடுக்காமல் காற்றடித்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை.